அணைத்த பிறகும் போகாத வெளிச்சம்

மணிக்கல் மட்டம் என்ற தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பில், மேல் லைனில் கடைசி வீடு தேவசகாயத்தினுடையது. ஜீப் ஓட்டுவது அவர் தொழில், பழைய விளக்குகளையும் அடுப்புகளையும் சேர்ப்பது அவர் பைத்தியம், புஷ்பம் அவர் மனைவி. இந்த மூன்றில் எது முதலில் வரும் என்பதுதான் அந்த வீட்டில் என்றைக்கும் உள்ள சண்டை. வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன பங்களாக்களின் பரண்களிலிருந்தும், பொள்ளாச்சியின் பழைய இரும்புக் கடைகளிலிருந்தும், கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஊரைவிட்டே போன ஒரு சர்க்கஸ் கம்பெனியின் சாமான்களிலிருந்தும் அவர் அவற்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். காற்றடித்து ஏற்றும் பெரிய ஜெர்மன் விளக்கு, மூன்று கால்களையும் கழற்றித் தகரப் பெட்டிக்குள் அடைத்துக்கொள்ளும் சுவீடன் பித்தளை அடுப்பு, பட்டாளத்துக்காரர்கள் முதுகுப்பையில் சுமந்த உள்ளங்கை அகலத்து அடுப்பு, ரயில்வேக்காரர் ஒருவரின் சிவப்புக் கண்ணாடி அரிக்கேன் என்று அவை கட்டிலுக்கு அடியிலும் அரிசிப் பானைக்குப் பக்கத்திலும் மாதா படத்துக்குக் கீழேயும் இடம்பிடித்தன. வீட்டில் பிள்ளை இல்லாததால் அவற்றை யாரும் உடைக்கவில்லை.

கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்து அழகு பார்க்கிறவர் அல்ல அவர். எரியாத விளக்கு செத்த விளக்கு என்பார். மலைக்கு மேலே கூடாரம் போட்டுத் தங்க வருகிறவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், அந்த அடுப்புகளில் சமைத்துப் போட்டு, அந்த விளக்குகளில் உட்கார வைத்துக் கதை சொல்லிவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தரையில் சாக்கை விரித்து ஒவ்வொன்றையும் பிரிப்பார். காய்ந்துபோன தோல் வாஷரைத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போடுவார், நிப்பிளில் அடைந்த கரியை ஊசியால் குத்திவிடுவார், பித்தளையைப் புளி போட்டுத் துலக்குவார். அந்தப் புளி குழம்புக்கு வாங்கிய புளி.

"கால நீட்டிப் படுக்க எடமில்ல. என்னையும் ஒருநா எடுத்துத் தொடச்சு ஒரு மூலையில வச்சிருங்க" என்பாள் புஷ்பம். எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் பகல் முழுக்கப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளின் குரல் அது, சத்தமாகத்தான் இருக்கும். அவர் துலக்கிக்கொண்டே இருப்பார். விளக்குக்குப் புது மேண்டில் துணியைக் கட்டித் தீ வைக்கும்போது மட்டும் அவளைக் கூப்பிடுவார். துணி கருகிச் சாம்பல் வலையாகி, அந்தச் சாம்பலே வெள்ளை வெளேரென்று எரியத் தொடங்கும் அந்த நொடியை அவள் பார்க்க வேண்டும் அவருக்கு. "பாரு புஷ்பம்" என்பார். அவள் கரண்டியும் கையுமாக வந்து நின்று பார்த்துவிட்டு, "பாத்தாச்சு" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

ஆனி மாதத்தில், மழை இறங்கப்போகிற ஒரு மத்தியானம், கூடாரம் போட வந்த கூட்டத்தில் ஒரு பையன் சோலைக்காட்டுக்குள் வழிதவறிவிட்டான் என்று சேதி வந்தது. தேவசகாயம் சின்னப் பித்தளை விளக்கை எடுத்துக்கொண்டு, அதன் கைப்பிடியில் எப்போதும் சுற்றியிருக்கும் பச்சைத் துணியைச் சரிசெய்துகொண்டு, "வந்துர்றேன்" என்று மேலே ஏறினார். அந்தப் பையன் வேறு வழியாக இறங்கி, அதற்குள் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தேவசகாயம் இறங்கவில்லை. ஊர் தேடியது, வனத்துறை தேடியது, நாய்களைக் கொண்டுவந்து தேடினார்கள். பிறகு மழை வந்து எல்லாத் தடத்தையும் கழுவிக்கொண்டு போனது, தேடியவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு அவள் வாசல் வழியே வீட்டுக்குப் போனார்கள்.

புஷ்பம் முதலில் அழவில்லை, கோபப்பட்டாள். எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடுகிறேன் என்று பழைய இரும்புக்காரரை வரச்சொன்னாள். அவர் தராசோடு வந்து, ஜெர்மன் விளக்கைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தபோது உள்ளே எண்ணெய் சளக்கென்று அலம்பியது. தேவசகாயம் போகும்போது ஊற்றிவைத்துப் போன எண்ணெய். "வைங்க கீழ" என்றாள். வந்தவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அந்த விளக்கை அவளே ஏற்றப் பார்த்தாள். எத்தனையோ வருஷம் பக்கத்தில் நின்று பார்த்திருந்தும் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்காமல் காற்றடித்ததில் தீ குப்பென்று கூரைவரை எழும்பியது, மேண்டில் விரல் பட்டு உதிர்ந்தது, வீடெல்லாம் கரி. "இதக்கூட ஒழுங்காச் சொல்லிக் குடுக்காமப் போயிட்டீங்க" என்று திட்டினாள். மறுநாளும் திட்டிக்கொண்டே ஏற்றினாள். மழைக்காலம் முடிவதற்குள் அந்த வீட்டு விளக்குகளின் குணமெல்லாம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. எது ஒழுகும், எதற்கு அவசரம் ஆகாது, எது நாலு தடவை காற்று கேட்கும் என்று அவரைப் பற்றித் தெரிந்த அளவுக்கு அவற்றைப் பற்றியும் தெரிந்துகொண்டாள். தினமும் இருட்டுகிற நேரத்தில் ஜெர்மன் விளக்கை வாசலில், சோலையைப் பார்த்து, ஒரு முக்காலிமேல் ஏற்றிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். சோறு வெந்த வாசனை வந்ததும் திருகைத் திறந்து காற்றை இறக்குவாள். விளக்கு புஸ்ஸென்று மூச்சுவிட்டு, மேண்டில் சிவந்து, சாம்பலாகி அணையும். அவள் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவாள்.

ஒருநாள் விளக்கு அணைந்தது, வெளிச்சம் போகவில்லை.

அவள் விளக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். வெளிச்சம் வாசலிலேயே, விளக்கு எரிந்தபோது எப்படி வட்டமாக விழுந்து கிடந்ததோ அப்படியே, கொய்யா மரத்தின் தூர்வரைக்கும் கிடந்தது. என்ன செய்வதென்று தெரியாததால் ஒரு விளக்குமாற்றை எடுத்துவந்து அதைக் கூட்டிப் பார்த்தாள். குப்பை போயிற்று, வெளிச்சம் போகவில்லை. சரியென்று சாப்பிட்டுப் படுத்துவிட்டாள்.

பகலில் அது வெயிலோடு வெயிலாக இருந்தது, இருட்டத் தொடங்கியதும் தெரிந்தது. இரண்டு வீடு தள்ளியிருந்த தவமணிதான் முதலில் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே ஒரு காலை வைத்துப் பார்த்தாள்.

"சூடு இல்லக்கா."

"இல்ல."

"அப்ப வத்தல் காயாது."

"காயாது. பாய் முடையலாம்."

அப்படித்தான் அது ஊருக்குள் வந்தது. தவமணி பாய் முடைந்தாள். பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். ஆடுகள் அசைபோட்டன. பங்குச் சாமியார் வந்து நெடுநேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அடுத்த தேர்ப் பவனி அந்த வாசல் வழியாக வந்தது. மாரியம்மன் கோயில் பூசாரி கொய்யா மரத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டிவிட்டுப் போனார். திருட்டு மின்சாரமாக இருக்குமோ என்று எஸ்டேட் மேனேஜர் சந்தேகப்பட்டு லைன்மேனை அனுப்பினார். லைன்மேன் குந்தி உட்கார்ந்து வெளிச்சத்துக்குள் டெஸ்டரை வைத்துப் பார்த்தார், டெஸ்டர் எரியவில்லை. தண்ணி குடித்தார், "நம்ம டிபார்ட்மென்ட் இல்ல" என்று எழுதாமல் வாயால் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சிறுத்தை அந்த வட்டத்துக்குள் வராமல் சுற்றிக்கொண்டு போகிறது என்பதை ஊர் கவனித்தபோதுதான் பெண்கள் புஷ்பத்திடம் வந்து கேட்டார்கள். தண்ணீர்க் குழாய்க்குப் போகும் வழி புதர் மண்டிய வழி, போன வருஷம் அங்கேதான் ஒரு பிள்ளையைச் சிறுத்தை இழுத்துக்கொண்டு போனது. புஷ்பம் விளக்கை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் ஏற்றி, கொஞ்சம் பொறுத்து அணைத்தாள். வெளிச்சம் விளக்கோடு அணைந்துவிட்டது. மறுபடி ஏற்றினாள், மறுபடி அணைந்தது. இருட்டில் எல்லோரும் நின்றார்கள். அவளுக்குப் புரிந்தது. ஊருக்காக ஏற்றினால் போய்விடுகிறது, அவருக்காக ஏற்றினால் நிற்கிறது.

தவமணி கெட்டிக்காரி. "அக்கா, அண்ணன் இந்த வழியாவும் வரலாம்ல?" என்றாள்.

புஷ்பம் அந்த வழியைப் பார்த்தாள். குழாயடியைத் தாண்டி அது மேட்டில் ஏறி, தேயிலைக் காட்டைக் கடந்து, சோலைக்குள்தான் போகிறது. வரலாம். ஏன் வரக்கூடாது. களைத்துப்போய், தாகத்தோடு, முதலில் குழாயடிக்குத்தான் வருவார். அவள் மூன்றாவது முறை ஏற்றினாள், அணைத்தாள், வெளிச்சம் நின்றது. பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடித்தார்கள்.

அன்றிலிருந்து அவள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் நேற்றைய வட்டத்தின் விளிம்பிலிருந்து அடுத்த வட்டத்தைப் போட்டாள். தேயிலைக் காட்டின் ஊடாக, ஓடையின் பாலத்தின்மேல், பாறைகளின்மேல், சோலையின் முதல் மரங்களுக்கு அடியில் என்று வெளிச்சம் வட்டம் வட்டமாக மலை ஏறியது. கீழேயிருந்து பார்த்தால் யாரோ பிச்சிப்பூச் சரத்தை மலையின் தோளில் போட்டதுபோல இருந்தது. பாக்டரியில் பாய்லர் பார்க்கும் ஒச்சப்பன், தேவசகாயத்தின் சிநேகிதன், ஷிப்ட் முடிந்ததும் மண்ணெண்ணெய் கேனையும் சுவீடன் அடுப்பையும் தூக்கிக்கொண்டு அவள்கூட வந்தான். விளக்கு எரியும் நேரத்தில் அடுப்பைப் பற்றவைத்து டீ போடுவான். இருவரும் பேசிக்கொள்வது குறைவு. யானைத்தடத்தில் வெளிச்சம் போடக்கூடாது என்று சொல்ல ரேஞ்சர் ஒருநாள் ஏறி வந்தார். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே யானைக்கூட்டம் வந்தது. அவை விளிம்பில் நின்று, தும்பிக்கையால் தரையை முகர்ந்து, பிறகு ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குள் இறங்கி, நனைந்ததுபோல வெளுத்துத் தெரிந்து, மறுபக்கம் இருட்டுக்குள் போயின. குட்டி மட்டும் கொஞ்சநேரம் நடுவில் நின்று விளையாடியது. ரேஞ்சர் டீயைக் குடித்து முடித்துவிட்டு இறங்கிப் போனார்.

அந்தப் பாதை வழியே முதலில் இறங்கி வந்தது தவமணியின் மகள் மஞ்சுளா. ஒருவனோடு திருப்பூருக்குப் போனவள், இனி இந்த வாசலை மிதிக்காதே என்று சொல்லி அனுப்பப்பட்டவள். திருப்பூர் பஸ் கீழேதான் நிற்கும், அவளோ மேலேயிருந்து, இடுப்பில் ஒரு பிள்ளையோடு, வட்டத்திலிருந்து வட்டத்துக்குக் கால்வைத்து இறங்கி வந்தாள். எப்படி வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை, சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார்கள். அதற்குப் பிறகு ஒச்சப்பனின் அண்ணன் வந்தார், சொத்துத் தகராறில் குடகுக்குப் போனவர், தாடி வெளுத்து. "அம்மா இருக்காளா?" என்று கேட்டார். அம்மா இல்லை. அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார், ஒச்சப்பன் உள்ளேயிருந்து அம்மாவின் சேலையை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தான். காணாமல்போன சினைப்பசு ஒன்று கன்றோடு வந்தது. கீழ் லைன் ஆசாரியிடம், அவர் யாரென்று மறந்தேபோன ஒரு பழைய கூட்டாளி வந்து, கட்டித் தழுவி அழுதார். ஆசாரியும் மரியாதைக்கு அழுதார்.

வேறு எஸ்டேட்டுகளிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். போட்டோக்களைக் கொண்டுவந்தார்கள், எங்களுக்காகவும் ஒரு வட்டம் போடுங்கள் என்றார்கள். "நான் அவர் ஒருத்தர நெனச்சாத்தான் நிக்குது" என்றாள் புஷ்பம். "நீங்க அவரையே நெனைங்க தாயி. எங்களுக்கு யார் வர்றாங்களோ வரட்டும்" என்றார்கள்.

சோலையிலிருந்து ஒவ்வொரு முறை காலடிச் சத்தம் கேட்கும்போதும் புஷ்பம் எழுந்து நிற்பாள். வந்தவர் வெளிச்சத்துக்குள் முகத்தைக் காட்டும்வரை சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டிருப்பாள். முகம் தெரிந்ததும், "போங்க, கீழ காத்துக்கிட்டிருக்காங்க" என்பாள். டீ கொடுத்து அனுப்புவாள்.

ஊரில் எல்லோரும் அவளுக்காக வேண்டிக்கொண்டார்கள். ஆனால் வேண்டுதலின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்துகொண்டே வந்தது அவள் காதுக்குத் தெரிந்தது. தேவசகாயம் வந்துவிட்டால் இந்த வெளிச்சம் போய்விடுமே என்ற பயம் எல்லோர் வீட்டிலும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. யாரும் கெட்டவர்கள் அல்ல. தண்ணீர்க் குழாய்க்குப் பயமில்லாமல் போய்வருகிறார்கள், இன்னும் வரவேண்டியவர்கள் இருக்கிறார்கள். கோயிலில் மண்டியிட்டு, அவர் வரட்டும் என்று உதட்டால் சொல்லி, இப்பொழுதே வேண்டாம் என்று உள்ளே சொன்னார்கள். தவமணி ஒருநாள் அவள் தலையை வாரிவிட்டுக்கொண்டே தாங்கமுடியாமல் சொல்லிவிட்டாள்.

"எனக்கு வெக்கமா இருக்குக்கா. எம் மூத்தவன் கேரளாவுக்குப் போனவன் இன்னும் வரல. அவன் வர்ற வரைக்கும் அண்ணன் வரக்கூடாதுன்னு தோணுது."

"தோணுனாத் தோணட்டும்" என்றாள் புஷ்பம். "நீ நெனச்சா அவர் நிக்கவா போறாரு? நான் கூப்புட்டே வரல."

பாதை ஒருநாள் மலையின் முகட்டுக்கு வந்து சேர்ந்தது. எல்லைக்கல் நட்டிருந்தது. அந்தப் பக்கம் கிடுகிடுவென்று இறங்கும் ஏலக்காட்டுச் சரிவு, அடியில் மூடுபனி. ஊரில் பாதிப்பேர் அன்று கூடவே ஏறி வந்திருந்தார்கள்.

"இதுக்கு மேல கேரளா மதினி" என்றான் ஒச்சப்பன். "இதோட நிப்பாட்டிக்கிருவோம். இங்கயே தெனமும் ஏத்துவோம். அவருக்குத் தெரியும்."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். புஷ்பம் கல்லுக்குப் பக்கத்தில் விளக்கை இறக்கி வைத்து ஏற்றினாள். பொழுது அப்போதுதான் சாய்ந்திருந்தது. மூடுபனி ஒரு பக்கமாக ஒதுங்கியது. கீழே, அந்தச் சரிவின் நடுவில், வெளிச்சம் தெரிந்தது. அதற்குக் கீழே இன்னொன்று, அதற்குக் கீழே இன்னொன்று. வட்டம் வட்டமாக ஒரு பாதை அந்தப் பக்கத்திலிருந்து மேல்நோக்கி ஏறி வந்துகொண்டிருந்தது. அதன் நுனியில் ஓர் ஆள், விளக்கோடு.

புஷ்பம் ஜெர்மன் விளக்கை எரிய எரியத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். வழுக்கினாள், எழுந்தாள், ஏலச்செடிகளைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் தொண்டைக்கு வந்து நின்றன. ஒச்சப்பன் பின்னால் ஓடினான்.

அது அவர் இல்லை. முண்டும் சட்டையும் போட்ட, தலையில் துணி கட்டிய ஒரு பெண். ஆனால் அவள் கையில் இருந்த சின்னப் பித்தளை விளக்கின் கைப்பிடியில் பச்சைத் துணி சுற்றியிருந்தது. புஷ்பம் அந்தத் துணியைப் பார்த்தாள். அவளுடைய பழைய ரவிக்கையின் துணி அது. தன் விளக்கைக் கீழே வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பெண்ணும் எதிரில் உட்கார்ந்தாள். தன் பெயர் ஏலியாம்மா என்றாள். கீழே தனக்கும் தன் தம்பிக்கும் ஏலத்தோட்டம் என்றாள். பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"ஆனியில, மழை தொடங்குன அன்னைக்கி, ஓடையில கெடந்தாரு. தலையில அடி. தூக்கிக்கொண்டுபோயி பாத்தோம். உயிர் இருந்தது. பேச்சு போச்சு. போலீசுல சொன்னோம், போட்டோ எடுத்துப் போனாங்க. எங்க பக்கத்துப் பேப்பர் உங்க பக்கத்துக்கு வரல்ல போல. மழை முடியும்வரை எங்க வீட்டுல இருந்தாரு. வார்த்தை எல்லாம் மறந்தவரு, கை மறக்கல. என் வீட்டு அடுப்பு, விளக்கு எல்லாம் பிரிச்சு, தொடச்சு, எரிய வச்சாரு. பக்கத்து வீடுகள்லேருந்தும் கொண்டுவந்து குடுத்தாங்க. ஏலக்கா பறிச்சு முடிக்கிறப்போ, ஒருநா உச்சைக்கு, மத்தியானம் தூங்கினபடி போயிட்டாரு. எனக்கு வேண்டியவங்க யாரும் காணாமப் போகல்ல. நான் ஒருத்தரக் கண்டெடுத்தவ. அவரோட ஆளுங்களத் தேடி ஏறி வந்தேன். அவரு நினைவா இந்த வெளக்க வச்சா, வெளிச்சம் நிக்குது."

மழைக்காலம் முழுக்க உயிரோடு இருந்தார். ஒரு மலைக்கு அந்தப் பக்கம். புஷ்பம் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"ஒரு வார்த்தகூடப் பேசலையா?"

"ஒரே ஒரு வார்த்தை. காலையில எழுந்தா அது, ராத்திரி படுத்தா அது. புஷ்பம், புஷ்பம்னு. பூ கேக்குறாருன்னு நெனச்சேன். எங்க பாஷையில பூவுக்கு அப்படியும் சொல்லும். தெனமும் பறிச்சுக்கொண்டுபோயிக் குடுப்பேன். செம்பருத்தி, ரோஜா, காட்டு மல்லி, தாமரைகூட ஆள் விட்டு வாங்கினேன். ஒவ்வொண்ணாக் கையில வாங்கி, திருப்பித் திருப்பிப் பாத்து, இல்லன்னு தலைய ஆட்டுவாரு. மலையில இருக்கிற பூவெல்லாம் கொண்டுவந்து காட்டினேன். எது அவருக்கு வேணும்னு எனக்குக் கடைசிவரை தெரியல்ல."

ஒச்சப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நாந்தான் அது" என்றாள் புஷ்பம்.

ஏலியாம்மாவுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் அவள் தன் விளக்கை உயர்த்தி, எதிரில் இருந்த முகத்தை, நரைத்த தலையை, கரி படிந்த விரல்களை வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, புஷ்பத்தின் கையைப் பிடித்து எழுப்பி, கீழே கூட்டிக்கொண்டு போனாள். வழுக்கும் இடங்களில் நின்று, முள் இருந்த இடத்தில் கிளையை ஒதுக்கிப் பிடித்து, கசங்கிவிடக்கூடாத ஒன்றைக் கொண்டுபோகிறவளைப்போல மெதுவாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

வீட்டுக்குப் பின்னால், ஏலச்செடிகள் முடியும் இடத்தில், கல் அடுக்கிய மண்மேடு இருந்தது. பேர் இல்லாத மரச்சிலுவை. ஏலியாம்மா புஷ்பத்தை அதன் முன்னால் நிறுத்தினாள். குனிந்து, தூங்குகிறவரை எழுப்பும் குரலில், கேட்டது கிடைத்துவிட்டது என்று மண்ணிடம் சொன்னாள்.

"சேட்டா, இதா. கிட்டிப்போயி."

புஷ்பம் தான் தூக்கிவந்த விளக்கை மேட்டின் தலைமாட்டில் வைத்தாள். அது சீராக இரைந்துகொண்டு எரிந்தது. அவள் அவரோடு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு கையை நீட்டித் திருகைத் திறந்தாள். விளக்கு மூச்சுவிட்டது, மேண்டில் சிவந்து சாம்பலாயிற்று. வெளிச்சம் அதோடு போய்விட்டது. ஏலத்தோட்டத்தில், சரிவில், முகட்டில், சோலையில், ஓடைப்பாலத்தில், குழாயடியில் என்று ஒவ்வொரு வட்டமாக அவிந்துகொண்டே போய், மேல் லைனின் கடைசி வீட்டு வாசலும் இருண்டது. அங்கே தவமணி முடைந்துகொண்டிருந்த பாயை நிறுத்தினாள். மகளையும் பேரப்பிள்ளையையும் கூப்பிட்டு இரண்டு பக்கமும் உட்கார வைத்துக்கொண்டாள். இன்னும் வராத தன் மூத்த மகனை நினைத்துக்கொண்டாள். வீட்டுக்குள் போய், தேவசகாயத்தின் விளக்குகளில் ஒன்றைக் கை தடவி எடுத்துவந்து, முக்காலிமேல் வைத்து, சோலையைப் பார்க்கத் திருப்பி, ஏற்றுவதற்குக் காற்றடிக்கத் தொடங்கினாள்.